வேறெங்கோ ஒரு நாடு

நயினார்கோவில் நாகநாதசுவாமி சந்நிதியில் முஸ்லிம்கள் வந்து நின்று வேண்டிக்கொள்வதை இந்த வட்டாரத்தில் யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. வாய் பேசாத மகளை ஒரு முல்லா இங்கே அழைத்துவந்தார் என்றும், தீர்த்தத்தில் மூழ்கி எழுந்த அந்தப் பெண் முதன்முதலாக ‘நயினார்’ என்று வாய் திறந்தாள் என்றும், அந்தச் சொல்லே ஊருக்குப் பெயராகிவிட்டது என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கிருந்து தென்கிழக்கே கடலோரம் இருக்கிறது பெரியபட்டினம். பாண்டியர் காலத்தில் அதற்குப் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று பெயர். அங்கிருந்த சோனகர் பள்ளிக்குப் பாண்டிய மன்னன் அளித்த உரிமைகள் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் கல்வெட்டாக இருக்கின்றன. அதே பெரியபட்டினத்தில் எபிரேய எழுத்து வெட்டிய பழைய கல்லறைக் கல்லும் கிடைத்திருக்கிறது. எங்கிருந்தோ கப்பலேறி வந்த ஒரு யூத உயிர் நம் மண்ணில் அடக்கமாகி, அதன் பெயர் அதன் மொழியிலேயே கல்லில் நின்றிருக்கிறது.

அந்தக் கரையில்தான் மண்டபமும் இருக்கிறது. மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் இன்றும் நாடில்லாத மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் ஒரு பகுதியினரின் பாட்டனும் பூட்டனும் இதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கையின் கண்டிச்சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். பாட்டன் புறப்பட்ட கரைக்கே பேரன் திரும்பி வந்திருக்கிறான். அவனை வெளிநாட்டான் என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இது அநீதி. இதைச் செய்தவர்கள் யார் யார் என்பதைப் பெயர் சொல்லிப் பேசியாக வேண்டும்.

பேச்சை லண்டனிலிருந்து தொடங்குகிறோம். காரணம் இருக்கிறது: இவர்களிடம் சொன்ன பேச்சை அதற்கு முன்பே அங்கே யூதர்களிடம் சொன்னார்கள்.

1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில், ஈஸ்டர் பண்டிகையின்போது யூதர்களின் வீடுகளுக்குள் கும்பல் புகுந்தது. 49 பேர் கொல்லப்பட்டார்கள். 1881இலிருந்து முதல் உலகப் போர் வரை கிழக்கு ஐரோப்பாவைவிட்டு ஓடிய யூதர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். ஒரு பகுதியினர் லண்டனின் கிழக்குப் பகுதியில் வந்து இறங்கி, தையல் பட்டறைகளிலும் செருப்புக் கடைகளிலும் கூலிக்கு உழைத்தார்கள். நம் வேலையைப் பறிக்கிறார்கள், நோயைக் கொண்டுவருகிறார்கள், குறைந்த கூலிக்கு வந்து நிற்கிறார்கள் என்று அங்கே கூச்சல் எழுந்தது. 1905இல் அந்நியர் சட்டம் வந்தது. வறியவர்களாக வந்த அந்நியரைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்ப அது வழிசெய்தது. அப்போது பிரதமராக இருந்தவர் ஆர்தர் பால்ஃபர்.

12 ஆண்டு கழித்து, 1917 நவம்பர் 2ஆம் தேதி, யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தேசிய இல்லம் அமைவதை பிரிட்டன் ஆதரிக்கிறது என்ற பிரகடனத்தில் வெளியுறவு அமைச்சராகக் கையெழுத்திட்டவரும் அதே பால்ஃபர்தான். தன் வீட்டு வாசலில் வந்து நின்ற யூதனுக்குக் கதவைச் சாத்தியவர், இன்னொருவர் வீட்டைக் காட்டி அது உனக்கு என்றார்.

இதை உள்ளிருந்தே எதிர்த்த ஒருவரைத் தமிழ் வாசகர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த எட்வின் மாண்டேகு. இந்தியா மந்திரியாக இருந்த அவர் யூதர். 1917 ஆகஸ்ட் 20ஆம் தேதி, இந்தியருக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்று நாள் கழித்துத் தம் சக அமைச்சர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். இந்த அரசின் யூத வெறுப்பு என்பதே அதற்கு அவர் வைத்த தலைப்பு. பாலஸ்தீனம்தான் யூதர்களின் நாடு என்று நீங்கள் அறிவித்த மறுநாளே, ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை வெளியே தள்ளப் பார்க்கும். அங்கே இப்போது குடியிருப்பவர்களும் துரத்தப்படுவார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். தாம் ஆங்கிலேயர், தம் மதம் யூதம், தம் நாடு எது என்று இன்னொருவர் தீர்மானிக்க முடியாது என்று அவர் நின்றார். அவருடைய சொந்த உறவினரான ஹெர்பர்ட் சாமுவேல் எதிர்ப்பக்கம் இருந்தார். பின்னாளில் பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் உயர் ஆணையராகவும் போனார். ஒரே குடும்பத்துக்குள் நடந்த வழக்கு அது. பிரகடனத்தின் கடைசி வாசகத்தில், மற்ற நாடுகளில் யூதர்கள் அனுபவிக்கும் உரிமைகளுக்குக் குந்தகம் வரக் கூடாது என்ற சொற்கள் நுழைந்ததற்கு மாண்டேகு போன்றவர்களின் எதிர்ப்பே காரணம். பிரகடனம் வெளிவந்தபோது அவர் கடலில் இருந்தார். அந்த நவம்பரில் பம்பாயில் இறங்கி, டிசம்பரில் சென்னைக்கும் வந்து மனுக்கள் வாங்கிக்கொண்டிருந்தார்.

யூதர்கள் தங்களுக்கென ஒரு நாடு கேட்டது தவறு என்று நாம் சொல்லவில்லை. கிஷினேவில் மகனைப் புதைத்த தாயிடம், பொறுத்திரு, உலகம் திருந்தும் என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. அந்த நாட்டைக் கேட்டு ஹெர்ஸல் 1897இல் பாசலில் மாநாடு கூட்டியபோது அவரை உந்திய அச்சம் கற்பனை அல்ல என்பதை அடுத்த 50 ஆண்டு ஐரோப்பா ரத்தத்தில் எழுதிக் காட்டியது. 1935இல் நூரம்பர்க் சட்டங்கள் ஜெர்மானிய யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. 1938 ஜூலையில் யூத அகதிகளைப் பற்றிப் பேச எவியானில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்தன; எங்கள் நாட்டில் இனப் பிரச்சினை இல்லை, அதை இறக்குமதி செய்ய விருப்பமும் இல்லை என்ற பொருளில் ஆஸ்திரேலியப் பிரதிநிதி பேசினார். அடுத்த ஆண்டு, பெரும்பாலும் யூத அகதிகளான 937 பயணிகளோடு போன செயின்ட் லூயிஸ் கப்பலை கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் ஏற்கவில்லை. அதற்குப் பின் நடந்தவை உலகம் அறிந்தவை. ஆனால் மாண்டேகு சொன்ன மற்றப் பாதியும் பலித்தது: 1948இல் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்து அகதிகளானார்கள். நாடற்றவர்களுக்கு நாடு தந்த ஏற்பாடு, வேறு சில லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது.

அந்த 1948தான் நம் கதைக்கும் ஆண்டு.

இலங்கையில் காப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்து நம் மக்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. வைகை பெயருக்குத்தான் ஆறு. கண்மாய் வறண்டால் கஞ்சி இல்லை. திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி கொடுத்த முன்பணத்தை நம்பி ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். போனவர்களில் பாதிக்கு மேல் ஒடுக்கப்பட்ட சாதியினர்; கடனும் சாதியும் சேர்ந்தே அவர்களைத் தோணியில் ஏற்றின. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே கிடந்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு நடை குறைந்தது; ஆனால் மண்டபம் வந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. வருகிறவர்களை அடைத்து வைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை மருந்தில் முக்கி, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையோடு கப்பலேற்றினார்கள். லண்டன் துறைமுகத்தில் யூதனைப் பார்த்துச் சொன்ன அதே பேச்சைத்தான் கொழும்பில் இவர்களைப் பார்த்தும் சொன்னார்கள்: நோய் கொண்டுவருகிறான், கூலியைக் குறைக்கிறான், வாக்குரிமை கிடைத்தால் நாட்டையே கொண்டுபோய்விடுவான்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அந்தத் தோட்டங்கள் இருந்த இலங்கை மலையகத்தில் விஷவாயுக் கூடம் இல்லை. யூத இனத்துக்கு நேர்ந்ததோடு எதையும் சமமாக வைத்துப் பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. நாம் ஒப்பிடுவது அந்த முடிவை அல்ல, தொடக்கத்தை. ஒரு மனிதன் பிறந்து, உழைத்து, பிணமாகிப் புதையும் மண்ணைச் சுட்டி ‘இது உன்னுடையதல்ல, உனக்கென்று ஒரு நாடு வேறெங்கோ இருக்கிறது’ என்று சொல்லும் வாக்கியத்தை.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் வந்த முதல் தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வாக்களித்தார்கள். அதுவே குற்றமாகிவிட்டது. 1930களில் ஏ. ஈ. குணசிங்க கொழும்பில் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தினார். தொழிற்சங்கம் கட்டிய மனிதரே தொழிலாளரைப் பிறப்பைப் பார்த்துப் பிரித்தார் என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. 1939இல் அரசுத் துறைகளிலிருந்து இந்திய நாட்கூலிகளை வெளியேற்றினார்கள். நேரு நேரில் போய்ப் பேசிப் பார்த்தார், பலனில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அப்போது பிறந்தது. ஆகஸ்ட் 1 முதல், கூலி வேலைக்கு இலங்கை போவதற்கு இந்தியா தடை போட்டது.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்துக் காம்பிராவில் பிரசவம் பார்த்த கிழவியிடம் யார் சான்றிதழ் கேட்டு வைத்திருந்தார்கள்? கொழுந்து பறித்து நாட்டின் வருமானத்தையே முதுகுக் கூடையில் சுமந்த ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. மனுப்போட்டுக் குடியுரிமை பெறலாம் என்று அதே ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் சேர்ந்தார்கள், கிடைத்தது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான். நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர். தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அவர்களை ஒரு வரியால்கூடக் காப்பாற்றாமல் போன பிரிட்டனும் பதில் சொல்ல வேண்டியதுதான். தமிழர் தரப்பிலும் கறை உண்டு. ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார். அவர் கட்சியிலிருந்த செல்வநாயகம் ஒப்பவில்லை, பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத் தமிழனுக்கு, நாளை நமக்கு என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

‘கள்ளத்தோணி’ என்று ஏசினார்கள். சிங்களவர்கள் வாயில் அது வசையாகிப்போன தமிழ்ச் சொல். தாத்தா தகர வில்லையோடு, அரசாங்கத்தின் அம்மைத் தழும்போடு, அரசாங்கக் கப்பலில் போனவர். பேரனுக்குக் கள்ளத்தோணி என்று பெயர்.

இதுவரை சொன்னதில் இந்தியாவின் பங்கு குறைவு. 1964 அக்டோபர் 30ஆம் தேதிக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை மேசைமேல் வைத்துக்கொண்டது. 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு. 3 லட்சம் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அதை ஆளுக்கு 75 ஆயிரமாகப் பாதி பிரித்தார்கள். ஏழு பேர் இந்தியாவுக்கு வந்தால் நான்கு பேருக்கு இலங்கையில் குடியுரிமை என்று விகிதம். இயற்கைப் பெருக்கமும் சேர்த்து என்று ஒரு வாசகம் வேறு. பிறக்காத குழந்தையையும் கணக்கில் பங்கு போட்டாகிவிட்டது. தேயிலையை ராத்தல் கணக்கில் நிறுப்பவர்களுக்கு நடுவே வாழ்ந்த மக்களை, இரண்டு அரசுகள் அதே போல நிறுத்துப் பிரித்தன. அந்த 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் ஒருவரையும் ஒப்பந்த மேசையில் உட்காரவைக்கவில்லை. அவர்களுடைய தலைவர் தொண்டமான் எதிர்த்தார், கேட்பாரில்லை. சாஸ்திரி நல்லவர், எளியவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அண்டை நாட்டோடு இணக்கம் வேண்டும் என்ற எண்ணமும் தவறில்லை. அந்த இணக்கத்துக்கு விலையாக மக்களைக் கொடுத்தது தவறு. அது அவர் கையெழுத்தில் நடந்தது.

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் நிறையவில்லை, டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியையே விழுங்கியது. வந்தவர்கள் அதன் பிறகு ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஹட்டனிலும் கண்டியிலும் அவர்கள் ஏறிய ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று மலையகத்தில் பெயர். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவர்களைப் பற்றி இன்றும் நீலகிரியில் கிழவிகள் சொல்லி அழுகிறார்கள். இங்கே வந்த பின் சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், சிலருக்கு நூற்பாலை, சிலருக்குக் கன்னியாகுமரியிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் ரப்பர் மரம். அரசு கொடுத்த கடனைத் தரகர்களிடம் இழந்துவிட்டு, கொடைக்கானல் மலையில் பட்டை உரிக்கும் வேலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. தாயகம் திரும்பியோர் என்று அரசு அழைத்தது. ஊரார் அழைத்தது சிலோன்காரன் என்று. அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன்.

நாமும் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை இந்தப் பக்கத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கைத் தமிழர் என்றதும் தமிழ்நாட்டில் எழுந்த கூட்டங்களுக்கு அளவில்லை. மலையகத் தமிழருக்காக 1948இலும் 1964இலும் எத்தனை தெருவில் கடை அடைத்தோம்? போனவர்கள் சேரியிலிருந்து போனவர்கள் என்பதால் நம் துக்கத்திலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ராமேஸ்வரத்துக் கரையில் வள்ளங்கள் வந்தன. அவற்றில் வந்தவர்களுள் பல ஆயிரம் பேர் மலையகத் தமிழர்கள். முந்திய கலவரங்களில் தோட்டத்தைவிட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறி, அங்கிருந்தும் விரட்டப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அடுத்த ஆண்டு தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று. கப்பலில் வந்தவன் தாயகம் திரும்பியவன், இந்தியக் குடிமகன். வள்ளத்தில் வந்த அவன் அத்தை மகன் அகதி. ஒரே லயத்தில் பிறந்தவர்கள், ஒரே கிராமத்துக்குப் பூர்வீகம். இலங்கை தன் பங்குக்கு 2003இல் சட்டம் இயற்றி, அங்கே மிஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது; 55 ஆண்டு தாமதமானாலும் கொடுத்தது. தாயகம் என்று எதைச் சொல்லி ஒப்பந்தம் போட்டார்களோ, அந்த இந்தியா கொடுக்கவில்லை.

2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு வழி திறந்தது. முஸ்லிம் என்பதால் ஒருவனுக்கு மறுத்தது ஓர் அநியாயம். இலங்கை என்ற பெயரே பட்டியலில் இல்லாதது இன்னோர் அநியாயம். இந்துக்களுக்கு இந்தியாதான் புகலிடம் என்று மேடைதோறும் பேசுகிறவர்களுக்கு மண்டபம் முகாமில் பொங்கல் வைக்கும் இந்து கண்ணில் படவில்லை. 2019 ஜூனில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை மனுக்களை மைய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.  2021இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, புது வீடுகளும் கட்டிக் கொடுக்கிறது, அது நன்றிக்குரியது. குடியுரிமை சென்னையின் கையில் இல்லை. 2025 செப்டம்பரில் மைய அரசு ஓர் ஆணையில், 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பது வேறு, நீ எங்களவன் என்பது வேறு.

எனவே நாம் கேட்பது இது. 1964இல் இந்தியா தன் பங்கென்று ஏற்றுக்கொண்ட மக்களின் வாரிசுகள் எந்த வாகனத்தில் கடலைக் கடந்தார்கள் என்று பாராமல், முகாமில் உள்ள ஒவ்வொரு இந்திய வம்சாவளித் தமிழருக்கும் குடியுரிமை கொடுக்க வேண்டும். பாட்டனின் ஊரும் தாலுகாவும் அவர்களில் பலருடைய பழைய காகிதங்களில் இன்னும் இருக்கின்றன. காகிதம் கடலில் போனவர்களுக்கு ஊர் விசாரணை போதும். மற்ற ஈழத் தமிழர்களில், இங்கேயே பிறந்து வளர்ந்து இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். திரும்பிப் போக விரும்புகிறவர்களைக் கௌரவமாக அனுப்பிவைக்க வேண்டும். யாரையும் எண்ணிக்கைக்காகப் பிரிக்கக் கூடாது.

1986இல் மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியர் என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் அவர் கடவுச்சீட்டு கேட்டபோது மறுக்கப்பட்டு, நீதிமன்றம் போய், 2022இல்தான் உத்தரவு வாங்க முடிந்தது. 2024 மக்களவைத் தேர்தலில், 38ஆம் வயதில், முதல் தடவையாக வாக்களித்தார். அந்த ஜூலை 1ஆம் தேதிக்குப் பிறகு அதே முகாமில், அதே வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்கு, தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்து, மண்டபம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.